குறிப்பு மாறலாம், சொன்ன செய்தி மாறக் கூடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

முன்கூட்டி எழுதிவைக்காமல் மேடையிலேயே உருவாக்கி நடிக்கிற இம்ப்ரோவ் நாடகம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் கேள்வி-பதில் விளையாட்டை 'வாய்க்கு வந்ததைப் பேசிச் சமாளிப்பது' என்று எழுதியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிற என்னால் அதை ஏற்க முடியவில்லை.

ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் பதில் சொல்வார். மூன்றாமவர் ஓரத்தில் நின்று 'கோபம்', 'பெருமை', 'ரகசியம்' என்று குறிப்பு கொடுத்துக்கொண்டே இருப்பார். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் பதில் சொல்பவர் அந்த நொடியே அந்த உணர்ச்சிக்கு மாறியாக வேண்டும். மாறுவது குரலும் உடம்பும்தான். ஏற்கெனவே சொன்ன செய்தி அப்படியே நிற்க வேண்டும். கட்டுரையில் விட்டுப்போனது இதுதான்.

எங்கள் வகுப்பில் ஒரு சிறுமியிடம் "குடை ஏன் உடைந்தது?" என்று கேட்டார்கள். குறிப்பு, கோபம். "காற்றுதான் உடைத்தது, நானா உடைத்தேன்?" என்று பாய்ந்தாள். உடனே 'பெருமை' என்று குரல் வந்தது. இல்லாத குடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "அந்தக் காற்றுக்கு வேறு குடையாக இருந்தால் பறந்தே போயிருக்கும்" என்றாள். அப்புறம் 'ரகசியம்'. குடையை மெல்ல இறக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "ஒரு கம்பி மட்டும் உடையவில்லை. காற்றிடம் சொல்லிவிடாதீர்கள்." கடைசி வரை அதே குடை, அதே காற்று. காது கொடுத்துக் கேட்காத, முன்னால் சொன்னதை மறந்துவிடுகிற ஒருவரால் இப்படி ஆட முடியாது.

அமெரிக்காவின் சிகாகோவில் நாடகப் பயிற்றுநர் வயோலா ஸ்போலின் இத்தகைய நாடக விளையாட்டுகளை, பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் உருவாக்கினார். 1963இல் அவை புத்தகமாகவும் வந்தன. ஆட்டத்தை நிறுத்தாமல் ஓரத்திலிருந்து குரல் கொடுக்கும் முறையும் அவருடையதே. அந்தக் குரல் ஆடுகிறவருக்குத் துணையாக இருக்க வேண்டும். பாராட்டுக்கு ஏங்குவதும் கண்டனத்துக்கு அஞ்சுவதும் நடிகரைக் கட்டிப்போடும் என்று அவர் எழுதினார்.

இன்று பல இடங்களில் நடப்பது வேறு. பிள்ளை ஒரு உணர்ச்சிக்குள் நுழைவதற்குள் அடுத்ததைக் கத்துகிறார்கள். திணறினால் கூட்டம் சிரிக்கிறது. அந்தப் பிள்ளை மறுமுறை மேடைக்கு வரத் தயங்குகிறது. கேள்வி கேட்கிறவரும் "உடைந்துவிட்டதா?" என்று கேட்டால் 'ஆமாம்' என்பதோடு ஆட்டம் படுத்துவிடும். "ஏன்", "எப்படி" என்று கேட்டால்தான் பதில் வளரும்.

உங்கள் மாணவர் பக்கத்தில் இந்த விளையாட்டை விதிகளோடு வெளியிட வேண்டுகிறேன். முதல் விதியைக் குறிப்பு கொடுப்பவருக்கே எழுதுங்கள்: ஆடுகிறவரின் முகத்தையும் கையையும் பார்த்து, ஒரு உணர்ச்சி முழுதாக வெளிவந்த பிறகே அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
நாடகப் பயிற்றுநர் ஒருவர்