ஏப்ரல் 19-ம் ஆவ் மாதம் 9-ம்: ‘வரலாற்றில் இன்று’ ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

‘வரலாற்றில் இன்று’ பகுதியைத் தொகுக்கும் தமிழ் நாளிதழ் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லித்தந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்குப் போய், காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன் கரும்பலகையில் திருக்குறளுக்குக் கீழே உங்கள் பகுதியிலிருந்து இரண்டு வரி எழுதுகிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அதை மைக்கில் வாசிக்கும். நீங்கள் அச்சிடும் வரி அப்படித்தான் எங்கள் பிள்ளைகளின் காதுக்குப் போகிறது. அந்த உரிமையில் இந்த மடல்.

ஒரு ஜனவரி 27 அன்று நான் எழுதிய வரி: “1945 – ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து யூதர்கள் விடுதலை.” இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனி நடத்திய கொலைமுகாம் அது. கூட்டம் கலைந்ததும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, “எத்தனை பேர் சார் வெளிய வந்தாங்க?” என்று கேட்டாள். சோவியத் படை உள்ளே நுழைந்தபோது அங்கே உயிரோடு இருந்தவர்கள் சுமார் 7,000 பேர். அதற்குச் சில நாள் முன்புதான் ஏறக்குறைய 60,000 பேரை உறைபனியில் மேற்கு நோக்கி நடத்திக் கொண்டுபோயிருந்தார்கள். அந்த முகாமில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம். அவர்களில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர்கள். இதைச் சொன்னேன். “அப்புறம் ஏன் சார் விடுதலைன்னு எழுதினீங்க?” என்றாள். பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன்.

அன்று முதல் யூதர் வரலாற்றை நாள் நாளாகப் படித்து ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். அப்படிப் படிக்கும்போது, வருஷ வரிசையில் படித்தபோது என் கண்ணில் படாத சில விஷயங்கள் தெரிந்தன.

ஏப்ரல் 19-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1506-ல் அந்த நாள் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. லிஸ்பன் நகரில் பஞ்சமும் கொள்ளைநோயும். தேவாலயத்தில் சிலுவையின் மேல் அதிசய ஒளி தெரிகிறது என்று கூட்டம் மண்டியிட்டிருக்க, கட்டாயத்தால் மதம் மாறிய யூதர் ஒருவர், அது மெழுகுவத்தி வெளிச்சம்போல் இருக்கிறதே என்றார். அவரை வெளியே இழுத்துப் போட்டுக் கொன்றார்கள். அடுத்த சில நாட்களில் அவரைப்போல் மதம் மாறியவர்கள் இரண்டாயிரம் பேர்வரை மாண்டதாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. 1903-ல் அதே தேதி, ருஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் ஈஸ்டர் ஞாயிறு. கிறிஸ்தவச் சிறுவனை யூதர்கள் ரத்தத்துக்காகக் கொன்றுவிட்டார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று வாரக்கணக்கில் எழுதியிருந்தது. இரண்டு நாளில் 49 பேர் செத்தார்கள். பிறகு 1943. ஏப்ரல் 19 காலையில் ஜெர்மானியப் படை, போலந்தின் வார்சா நகரில் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ என்ற பகுதியை ஒழித்துக்கட்ட உள்ளே நுழைந்தது. அன்று மாலை, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை யூதர்கள் கொண்டாடும் பஸ்கா பண்டிகை தொடங்க வேண்டியது. உள்ளே இருந்தவர்கள் கைத்துப்பாக்கிகளையும் பெட்ரோல் குண்டுகளையும் வைத்துக்கொண்டு மே 16 வரை தாக்குப்பிடித்தார்கள்.

இந்த மூன்றும் ஒரே தேதியில் விழுந்தது தற்செயல்தான். ஒரே பருவத்தில் விழுந்தது தற்செயலே இல்லை. பஸ்காவும் ஈஸ்டரும் அடுத்தடுத்து வரும் அந்த வாரங்களில்தான், ஏசுவைக் கொன்றவர்கள் என்ற பழியும் ரத்தப் பழியும் ஊர் ஊராகக் கிளறிவிடப்பட்டன. இங்கிலாந்தின் யார்க் கோட்டைக் கோபுரத்தில் யூதர்கள் 150 பேர்வரை மாண்ட 1190 மார்ச் 16-ம் பஸ்காவுக்கு முந்தைய ஓய்வுநாள் பிறந்த இரவுதான். வார்சாவில் நாள் குறித்தவர்களுக்கும் அன்று என்ன பண்டிகை என்பது தெரியாததில்லை. உங்கள் பகுதியில் வெறும் “1943 – வார்சா எழுச்சி” என்று போட்டால் பிள்ளைகளுக்கு இதில் எதுவும் போய்ச் சேராது. “பஸ்கா மாலை” என்ற இரண்டு சொல் கூடச் சேர்ந்தால் போதும்.

அதனால் என் முதல் வேண்டுகோள் இது: யூதர் வரலாற்றில் ஒரு நாளைச் சொல்லும்போது, ஆங்கிலத் தேதியோடு எபிரேயத் தேதியையும் போடுங்கள். திதி பார்த்துத் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடும் வீட்டில் வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். அவர்களும் சந்திரனைப் பார்த்து மாதம் எண்ணி, சூரியனோடு ஒத்துப்போக 19 ஆண்டுகளில் ஏழு முறை அதிக மாதம் சேர்ப்பவர்கள். இறந்தவருக்கு ஆண்டுதோறும் விளக்கேற்றுவதும் எபிரேயத் தேதியில்தான்.

அந்தத் தேதியில் பார்த்தால் வரலாறு வேறு மாதிரி அடுக்கப்படுகிறது. 1171 மே 26 அன்று பிரான்சின் புளுவா நகரில் முப்பதுக்கும் மேற்பட்ட யூதர்களை எரித்தார்கள். 1648 ஜூன் 10 அன்று உக்ரைனின் நெமிரிவ் நகரில் கோசாக்குப் படையினர் யூதர்களைப் பெருங்கொலை செய்தார்கள். ஆங்கில நாள்காட்டியில் இவை இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது. எபிரேயத்தில் இரண்டுமே சீவான் மாதம் 20. புளுவாவுக்காக ஏற்பட்ட பழைய உபவாச நாளையே, போலந்து யூதர்களின் ‘நான்கு நாடுகளின் மன்றம்’ 1650-ல் நெமிரிவுக்கும் உரியதாக்கியது. புதுத் துக்கத்தைப் பழைய துக்கத்தின் மடியில் போட்டார்கள்.

எபிரேய ஆவ் மாதம் 9-ஐப் பற்றி நீங்களே அறிந்திருப்பீர்கள். எருசலேமின் இரண்டு ஆலயங்களும் அழிந்த நாளாக அவர்கள் அழுவது அன்றுதான். 1492-ல் ஸ்பெயினை விட்டு யூதர்கள் வெளியேற்றப்பட்டு முடிந்ததும் அதை ஒட்டித்தான். மறுநாளே, ஆகஸ்ட் 3-ல், கொலம்பஸ் பாய் விரித்தார். நம் பலகைகளில் ஆகஸ்ட் 3 ஏறுகிறது, முந்தைய நாள் ஏறுவதில்லை. 1942-ல் வார்சா கெட்டோவிலிருந்து டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ஆட்களை ரயிலேற்றத் தொடங்கியதும் ஆவ் 9-க்கு முந்தைய நாள், ஜூலை 22.

தேதியை மாற்றிப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுக்கு நாள் பிறப்பது அந்தி சாயும்போது. இரவில் நடந்தது அடுத்த தேதிக்குப் போய்விடும். இணையத்தில் எடுத்ததை அப்படியே போட்டால் ஒரு நாள் பிசகும்.

அடுத்து எனக்கு மிகவும் மனத்தில் கிடப்பது. அந்த மாணவி பிறகொரு நாள், “இவங்களுக்கு நல்ல நாளே இல்லையா சார்?” என்று கேட்டாள். இருக்கிறது. 1791 செப்டம்பர் 27: பிரெஞ்சு தேசிய மன்றம் யூதர்களுக்குச் சம குடியுரிமை தந்தது. 1858 ஜூலை 26: “கிறிஸ்தவனின் மெய்விசுவாசத்தின் மேல்” என்ற சொற்களைச் சொல்ல மறுத்து, 1847 முதல் ஜெயித்தும் வெளியே நின்ற லயனல் டி ராத்ஸ்சைல்ட் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். 1616: யூதர் தெருவைச் சூறையாடிய கும்பலின் தலைவனுக்கு மரண தண்டனை நிறைவேறி, பிராங்பர்ட் யூதர்கள் பேரரசரின் படைக் காவலோடு ஊர் திரும்பினார்கள், எபிரேய ஆதார் மாதம் 20-ஐத் தங்கள் ஊருக்கென்று ஒரு பூரீம், அதாவது அழிவிலிருந்து தப்பியதைக் கொண்டாடும் பண்டிகையாக்கிக் கொண்டார்கள். 1943 அக்டோபர்: டென்மார்க் மக்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மீன்பிடிப் படகுகளில் சுவீடனுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள்.

ஆனால் நல்லதில் பெரும்பகுதிக்குத் தேதியே கிடையாது. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு செப்பேடு இருக்கிறது. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஈசுப்பு இரப்பான் என்ற யூத வணிகருக்கு முயிரிக்கோட்டில் இருந்து கொடுத்தது. வட்டெழுத்து; பழந்தமிழ் தெரிந்தவர் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழு, 72 விடுபேறு, பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, காகளம் என்று அவருக்குத் தந்த உரிமைகளை அது அடுக்கிக்கொண்டே போகிறது. ஆட்சியாண்டு இருக்கிறது, உங்கள் பகுதியில் ஏற்றுகிற மாதிரி தேதி இல்லை. கொலைக்குத் தேதி இருப்பதால் அது ஆண்டுதோறும் அச்சாகிறது. பல நூற்றாண்டு நிம்மதியாக மிளகு விற்று, தொழுது, பிள்ளை பெற்று வாழ்ந்தது எந்த நாளிலும் வருவதில்லை. ஆண்டில் நான்கு நாளாவது, சொல்லத் தேதி இல்லாத இப்படிப்பட்ட ஒன்றுக்கு இடம் ஒதுக்குங்கள்.

மே 14, 1948 இஸ்ரேல் பிறந்த நாள் என்று போடுகிறீர்கள். மறுநாள் மே 15-ஐயும் போட வேண்டும். வீடிழந்த ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் நக்பா என்று நினைவுகூரும் நாள் அது. நாள் குறித்துத் துக்கம் காப்பது இன்னதென்று யூதர் வரலாற்றில் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு, அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, எபிரேய தேபேத் மாதம் 10. சில ஆண்டுகளில் டிசம்பரில் வரும், சில ஆண்டுகளில் ஜனவரியில். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்ட நாளாகப் பழங்காலம் முதல் உபவாசம் இருந்துவந்த நாள். இறந்த தேதி தெரியாமல் போனவர்களுக்காகக் கதிஷ் என்ற, இறந்தவர் நினைவில் சொல்லும் ஜெபத்தைச் சொல்லும் நாளாகவும் இஸ்ரேலின் தலைமை ரபீக்கள் அதை ஆக்கினார்கள். ரயிலில் ஏற்றப்பட்ட அம்மா எந்த நாளில் போய்ச் சேர்ந்தாள் என்று தெரியாத பிள்ளை, அன்று விளக்கேற்றலாம். திதி தெரியாதவர்களுக்கு நாம் மகாளய அமாவாசையை வைத்திருக்கிறோம் இல்லையா, அதுபோல.

இதை இதுவரை எந்தத் தமிழ் நாளிதழிலும் நான் பார்த்ததில்லை. அடுத்த முறை அந்த நாள் வரும்போது ஒரு வரி போடுங்கள். அன்று எனக்கு முறை இல்லாவிட்டாலும் பள்ளிக்குப் போய்ப் பலகையில் எழுதிவிடுகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு வரலாற்று ஆசிரியர்