துப்பாக்கியை அங்கேயே விட்டுவிட்டு வா

ஏற்காடு
ஞாயிறு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. டெக்சாஸை விட்டு ஒரேயடியாக வருகிறாய், சந்தோஷம். ஆனால் அந்த 9 எம்.எம். பிஸ்டலையும் எடுத்து வரட்டுமா என்று, ஏதோ ஊறுகாய் பாட்டில் மாதிரி கேட்டிருக்கிறாயே!

வெளிநாட்டில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து வருகிறவர் துப்பாக்கி ஒன்று கொண்டுவர விதியில் இடம் இருக்கிறது. அங்கே அதை ஒரு வருஷமாவது வைத்திருந்திருக்க வேண்டும், வரி கட்ட வேண்டும், இங்கே லைசென்ஸும் வேண்டும். அதெல்லாம் அனுமதிக்கப்பட்ட போருக்குத்தான், அதாவது குழலின் உள்ளளவுக்குத்தான். 9 எம்.எம். இங்கே தடை செய்யப்பட்ட போர், அதற்கு லைசென்ஸ் தருவது நம் கலெக்டர் கையிலேயே இல்லை, டெல்லி உள்துறை வரை போக வேண்டும். விற்றுவிட்டு வா.

அப்பாவின் 12 போர் டபுள் பேரல் துப்பாக்கி ஞாபகம் இருக்கிறதா? அவர் போனதும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன், திரும்ப வாங்குவதற்குள் உயிர் போய்விட்டது. தங்கைகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதம், டாக்டர் சான்று, பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை, தாசில்தார் விசாரணை எல்லாம் முடிந்த பிறகு ஒரு குமாஸ்தா கண்டுபிடித்தார்: லைசென்ஸில் ராமசாமி, இறப்புச் சான்றில் இராமசாமி. அந்த ஒற்றை 'இ'க்காக மூன்று மாதம் மலையேறி இறங்கினேன். லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி அவரிடம் 25 வருஷம் இருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றலாமாம். யார் சொன்னார்கள் நமக்கு? குடகில் கொடவர் குடும்பத்தில் பிறந்திருந்தால் இந்த லைசென்ஸ் தொல்லையே இல்லை!

2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்திய பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, லைசென்ஸ் மட்டும் மூன்று வருஷத்துக்குப் பதில் ஐந்து வருஷத்துக்குத் தருகிறார்கள், அது ஒன்றுதான் ஆறுதல். தேர்தல் வந்தால் மறுபடி ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வார்கள். சரி, இவ்வளவு பாடுபட்டு எதற்கு என்றால், அதுதான் தெரியவில்லை. ராத்திரி காட்டெருமை வந்து காபிச் செடியை மிதித்துக்கொண்டு நிற்கிறது, சுட்டால் நான்தான் ஜெயிலுக்குப் போவேன், தகர டப்பாவைத் தட்டித்தான் விரட்டுகிறோம்.

அப்பாவின் துப்பாக்கி போன மாதம்தான் கைக்கு வந்தது. இடது குழலின் உள்ளே துரு ஏறியிருக்கிறது, கட்டையில் ஸ்டேஷன் சீட்டு ஒட்டிய பசை இன்னும் போகவில்லை. அப்புறம், 12 போருக்குக் குழல் துடைக்கிற பிரஷ் நல்லதாக ஒன்று அங்கே கிடைத்தால் வாங்கி வா. அதற்கு லைசென்ஸ் கேட்கமாட்டார்கள்.

அன்புடன்,
குமார்