உன் காதின் வரைபடம்

அன்பு நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பிய செவித்திறன் பரிசோதனைத் தாளின் படத்தை நேற்று இரவு வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். “காது 32 சதவீதம் போய்விட்டதாம்” என்று நீ எழுதியிருந்ததைப் படித்து மனம் பொறுக்காமல் உடனே எழுதுகிறேன். யார் அப்படிச் சொன்னாரோ, அது தவறு. அந்த எண் சதவீதம் அல்ல, டெசிபல், அதாவது ஒலியின் உரப்பை அளக்கும் அலகு. 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு சுருதிகளிலும் உனக்கு ஒலி கேட்கத் தொடங்கிய அளவுகள் 20, 20, 30, 60. அவற்றைக் கூட்டி நான்கால் வகுத்தால் 32.5 வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, 20 முதல் 35க்குள் இருப்பது லேசான குறைபாடு.

ஆனால் அந்தச் சராசரியோடு நிம்மதி அடைந்துவிடாதே. தாளில் உள்ள வரைபடத்தின் கோட்டைப் பார். இடமிருந்து வலமாகப் போகப் போகச் சுருதி கூடும். மேலிருந்து கீழே போகப் போக ஒலி உரக்கும். ஆகவே குறி எவ்வளவு கீழே விழுகிறதோ, அந்தச் சுருதியைக் கேட்க உனக்கு அவ்வளவு உரத்த ஒலி தேவைப்படுகிறது என்று பொருள். சிவப்பு வட்டங்கள் வலது காது, நீலப் பெருக்கல் குறிகள் இடது காது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே செல்வது நல்லது. ஒரு காது மட்டும் மிகவும் மோசமாக இருந்திருந்தால் மருத்துவர் வேறு காரணங்களையும் தேடியிருப்பார். உன் கோடு 2000 வரை மெல்ல இறங்கி, 4000இல் பள்ளத்தில் விழுந்ததுபோல் 60க்குப் போய், 8000இல் மீண்டும் 45க்கு ஏறுகிறது. வயதினால் வரும் குறைபாடாக இருந்தால் கோடு பெரும்பாலும் அப்படியே சரிந்துகொண்டே போகும். இப்படி விழுந்து எழுவது பெரும்பாலும் இரைச்சல் விட்டுச்செல்லும் தடம். முப்பது ஆண்டுகள் விசைத்தறிகளுக்கு நடுவே நின்றவன் நீ.

காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சிறு கருவியை வைத்துச் சோதித்தார்கள் அல்லவா, அம்புமுனை போன்ற குறிகள் அதன் முடிவுகள். அந்த ஒலி எலும்பு வழியே நேராக உட்காதுக்குப் போய்விடும். அவை நன்றாக இருந்து, வட்டமும் பெருக்கலும் மட்டும் 10 டெசிபலுக்கு மேல் தாழ்ந்திருந்தால், குறும்பி என்னும் காது அழுக்கு, செவிப்பறை ஓட்டை, நடுக்காதில் நீர் என்று வழியில் உள்ள தடையைத் தேடலாம். அவற்றில் பலவற்றைச் சரிசெய்யவும் முடியும். உன் தாளில் இரண்டும் ஒட்டியே போகின்றன. குறை உட்காதில்தான் இருக்கிறது. அங்கு ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இதை உன்னிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

“சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை” என்று நீ வருந்துவதற்கும் அந்தப் பள்ளமே காரணம். உயிரொலிகளின் பலம் தாழ்ந்த சுருதிகளில் இருக்கிறது. ச, ஸ போன்றவை உயர்ந்த சுருதிகளில் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சோதித்தபோது, சோதனை செய்த பெண் “சட்டம்” என்றார், நான் “பட்டம்” என்று திருப்பிச் சொன்னேன். அவர் முகம் மாறாமல் அடுத்த சொல்லுக்குப் போனார், எனக்குத்தான் தொண்டை அடைத்தது. இந்தப் பேச்சுச் சோதனையின் முடிவுதான் சதவீதத்தில் வரும். உன் தாளில் அந்தக் கட்டமே காலியாக இருக்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. முதல் நாள் இரவு வேலை முடித்து நேராகச் சோதனைக்குப் போனதாக எழுதியிருந்தாய். இரைச்சலில் களைத்த காது சில மணி நேரத்துக்கு உள்ளதைவிடக் குறைவாகவே கேட்கும்; பதினாறு மணி நேரமாவது அமைதியில் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். எனவே மீண்டும் ஒருமுறை, பேச்சுச் சோதனையோடு சேர்த்துச் செய்துகொள். அதுவரை காது கேட்கும் கருவி எதையும் வாங்காதே. தறிக்கூடத்துக்குள் போகும்போது காதடைப்பான் இல்லாமல் போகாதே.

விடுமுறைக்கு மறுநாளாகப் பார்த்து நாள் குறித்து எழுது. நானும் உடன் வருகிறேன். என் பழைய தாள்களையும் எடுத்து வருகிறேன், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

உன் அன்பு நண்பன்