மோதிரத்துக்கு எவ்வளவு என்று கேட்டாயே

அன்புள்ள கண்ணா,

"நிச்சயதார்த்த மோதிரத்துக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்மா?" என்று நீ கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அம்மா மழுப்புகிறாள் என்று நினைத்திருப்பாய். மழுப்பவில்லை. போனில் பேசினால் நீ பாதியில் வேறு எதையாவது கேட்பாய், நானும் எங்கேயோ போய்விடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

ரெண்டு மாதச் சம்பளம் போடுவதுதான் முறை என்று உன் ஆபீஸ் நண்பன் சொன்னதாகச் சொன்னாய். அந்த முறையை வகுத்தது வைரம் விற்கிற கம்பெனி. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வைரத்துக்கு மவுசு குறைந்து கிடந்தது. 1938ல் டி பியர்ஸ் கம்பெனி என். டபிள்யூ. அயர் என்ற அமெரிக்க விளம்பர நிறுவனத்தைப் பிடித்தது. காதல் என்றால் வைரம், வைரம் என்றால் காதல் என்று இளைஞர்கள் மனதில் பதிய வைப்பதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. 1947ல் அங்கே வேலை பார்த்த பிரான்சஸ் ஜெரட்டி என்ற பெண்மணி, வைரம் என்றென்றைக்கும் நிலைப்பது என்ற வாசகத்தை எழுதினார். (அவர் கடைசிவரை கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை என்பது தனிக்கதை.) 1980களில் அதே கம்பெனியின் அமெரிக்க விளம்பரங்களில் ரெண்டு மாதச் சம்பளம் என்ற கணக்கு வந்தது. ஜப்பானில் மூன்று மாதம் என்றார்கள். ஜப்பானியப் பையன்களுக்கு ஒரு மாதம் கூடுதலாகவா காதல் இருந்தது? 1967ல் அந்த நாட்டில் நூறு மணப்பெண்களில் ஐந்து பேருக்குக்கூட வைர மோதிரம் கிடையாது. 1981ல் சுமார் அறுபது பேருக்கு இருந்தது. பதினான்கு வருட விளம்பரம் அந்த வேலையைச் செய்தது.

ஆக, உன் நண்பன் சொன்னதை அவனோடு வைத்துக்கொள்ளச் சொல்.

2014ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள், கல்யாணமான மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மோதிரத்துக்கு அதிகம் செலவழித்தவர்கள் மத்தியில் விவாகரத்து கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. மோதிரம் வாங்கியதால்தான் பிரிந்தார்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. ஆனால் கல்யாணக் கடன் மனதை அரித்தது என்று பெரிய செலவு செய்தவர்கள்தான் அதிகம் சொன்னார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்.

சம்பளத்தைப் பார்க்காதே, கையிருப்பைப் பார். ஒரே சம்பளம் வாங்குகிற ரெண்டு பேரில் ஒருவனுக்குப் படிப்புக் கடன் பாக்கி இருக்கும், தங்கையின் படிப்பும் அவன் தலையில் இருக்கும். இன்னொருவனுக்கு ஒரு பொறுப்பும் இருக்காது. ரெண்டு பேருக்கும் ஒரே தொகை எப்படிப் பொருந்தும்? வேலை போனால் ஆறு மாதம் ஓட்டுகிற பணம், கல்யாணச் செலவில் உன் பங்கு, புது வீட்டுக்கு அட்வான்ஸ், இதையெல்லாம் முதலில் ஒதுக்கி வை. அதைத் தொடாதே. மிச்சத்தில்தான் மோதிரம். மிச்சத்திலும் எவ்வளவு என்று குழப்பமாக இருந்தால், இந்தப் பணத்தை மறுபடி சேர்க்க எத்தனை மாதம் ஆகும், அந்த மாதங்களில் எதையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று யோசி. பதில் சுருக்கென்று தைத்தால் தொகையைக் குறை.

தவணையில் மட்டும் வாங்காதே. கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், அந்தத் தவணை யார் குடும்பக் கணக்கிலிருந்து போகும்? உங்கள் ரெண்டு பேருடையதிலிருந்துதான். தனக்குக் கொடுத்த பரிசுக்குத் தானே வட்டி கட்டுகிற நிலைமைக்கு அந்தப் பெண்ணைத் தள்ளாதே.

தொகையை முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போ. உள்ளே போய் முடிவு செய்யலாம் என்றால் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். கறுப்பு வெல்வெட் தட்டில் மூன்று மோதிரம் வரும். நீ சொன்ன தொகையில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழே உள்ளதைத் தட்டிலிருந்து எடுக்கக்கூட மாட்டார்கள். மேலே உள்ளதை விரல் நுனியில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். "கொஞ்சம்தான் சார் கூட ஆகும், வாழ்க்கையில ஒரு தடவைதானே" என்பார் விற்பனையாளர். நல்ல மனிதராகவே இருப்பார், அவர் பிழைப்பு அது. நீ நிமிர்ந்து விளக்கைப் பார். அந்த ஸ்பாட்லைட்டுக்குக் கீழே கண்ணாடிச் சில்லுகூட ஜொலிக்கும். மோதிரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போ. நேர் வெயில் படாத இடத்தில், கையை நீட்டி, சாதாரணமாக ஒருவர் கையைப் பார்க்கிற தூரத்தில் வைத்துப் பார். அங்கேயும் கல் துள்ளுகிறதா, இல்லை நடுவில் கறுத்து மங்கிப் போகிறதா? பகல் வெளிச்சத்தில் மங்குகிற கல்லை எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்காதே.

வைரத்தின் விலையை எடை, நிறம், தூய்மை, பட்டை தீட்டிய விதம் என்ற நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பட்டையில் மட்டும் சிக்கனம் பார்க்காதே, ஒளி மொத்தமும் அதிலிருந்துதான் வருகிறது. மற்ற மூன்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குத்தான் நிறையப் பேர் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஒரு கேரட் என்பது 0.2 கிராம். நன்றாகப் பட்டை தீட்டிய ஒரு கேரட் வட்டக் கல்லின் குறுக்களவு சுமார் 6.5 மில்லிமீட்டர். 0.90 கேரட் கல் சுமார் 6.2 மில்லிமீட்டர். எதிரில் உட்கார்ந்து பேசுகிற ஒருவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆனால் எல்லோரும் "ஒரு கேரட்" என்று முழுசாகச் சொல்லிக்கொள்ள ஆசைப்படுவதால் அந்த இடத்தில் விலை ஒரே தாவாகத் தாவும். அரை கேரட், ஒன்றரை கேரட்டிலும் இதே கதைதான். கொஞ்சம் கீழே நின்றுகொள்.

நிறத்தை டி முதல் இசட் வரை எழுத்து போட்டுத் தரம் பிரிப்பார்கள், டி என்றால் துளியும் நிறமில்லாதது. ஜி, எச் தரக் கல்லை மோதிரத்தில் பதித்த பிறகு, பக்கத்தில் ஒரு டி தரக் கல்லை வைத்து ஒப்பிட்டால் ஒழிய வெறுங்கண்ணுக்கு நிறம் தெரிவது கஷ்டம். தூய்மையைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத்தான் தரம் போடுகிறார்கள். அவள் விரலைப் பத்து மடங்கு லென்ஸ் வைத்து யார் பார்க்கப் போகிறார்கள்? ஒருத்தி பார்த்தாள் என்றால், அந்த உறவைக் கொஞ்சம் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் போலியா என்றும் கேட்டிருந்தாய். போலி இல்லை. அதுவும் கார்பன்தான், கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவுகோலில் கடினமும் அதே 10தான். 1954ல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் கடும் அழுத்தத்திலும் சூட்டிலும் வைரம் உருவாக்கிக் காட்டினார்கள். இன்று வாயுவிலிருந்து அடுக்கடுக்காகப் படிய வைத்தும் வளர்க்கிறார்கள். சுரங்க வைரத்திலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல அதற்கென்றே கருவி வேண்டும். 2018ல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், வைரத்துக்குத் தரும் விளக்கத்திலிருந்து "இயற்கையான" என்ற சொல்லையே எடுத்துவிட்டது. சமீப வருடங்களில் இந்தக் கல்லின் விலை மளமளவென்று சரிந்திருக்கிறது. வாங்குகிறவனுக்கு அது லாபம், திருப்பி விற்க நினைக்கிறவனுக்கு ஒன்றும் தேறாது. சுரங்க வைரம் மட்டும் முதலீடா என்றால் அதுவும் இல்லை. இதே கல்லை அடுத்த மாதம் கொண்டுவந்தால் ரொக்கமாக எவ்வளவு தருவீர்கள் என்று கடையில் கேட்டுப் பார், முகம் மாறும். தங்கத்தை உருக்கினாலும் எடைக்குப் பணம் வரும். வைரத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. அதனால் அணிந்து மகிழ்வதற்கு வாங்கு. சொத்து சேர்க்கிறேன் என்று உன்னை நீயே சமாதானப்படுத்திக்கொண்டு தொகையை ஏற்றாதே.

வைரமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் சட்டமில்லை. 1981ல் இளவரசி டயானா போட்டுக்கொண்ட மோதிரத்தின் நடுக்கல் நீலக்கல்தான், அதைத்தான் இப்போது அவர் மூத்த மருமகள் கேட் போட்டிருக்கிறார். நீலக்கல்லுக்கும் மாணிக்கத்துக்கும் கடினம் 9, தினமும் போட்டாலும் தாங்கும். முத்து மட்டும் வேண்டாம். அதன் கடினம் ஐந்தைக்கூடத் தொடாது, சாதாரணத் தூசியில் இருக்கிற குவார்ட்ஸ் துகளின் கடினமோ 7. தினமும் போட்டால் சில வருடங்களில் மினுமினுப்புப் போய்விடும். வளையம் எதில் செய்தாலும் சரி, வெள்ளைத் தங்கம் என்றால் மேலே பூசிய ரோடியம் என்ற வெள்ளை உலோகம் தேயத் தேயத் திரும்பப் பூச வேண்டியிருக்கும் என்பது தெரிந்தால் போதும்.

இவ்வளவும் கல்லைப் பற்றி. கல் விஷயம் நீயே ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டிருப்பாய். நான் கடிதம் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

எவ்வளவு என்ற கேள்வியை என்னிடம் கேட்டாய், நண்பனிடம் கேட்டாய், ரெண்டு கடைக்காரர்களிடமும் கேட்டிருக்கிறாய். அவளிடம் கேட்டாயா? "அவளுக்குத் தெரியக் கூடாதும்மா, சர்ப்ரைஸ்" என்றாய். சரி, சர்ப்ரைஸ் கொடு. எந்த நாள், எந்த இடம், என்ன சொல்லிக் கேட்கப் போகிறாய் என்பதை யாருக்கும் சொல்லாதே, எனக்குக்கூட. தொகையை மட்டும் மறைக்காதே. கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் ரெண்டு பேர் பணமும் ஒன்றாகப் போகிறது. அந்தப் பணத்திலிருந்து எடுக்கிற முதல் பெரிய செலவு இது. அதை அவளுக்குத் தெரியாமல் செய்தால், வீட்டுக் கடன் வரும்போதும் கார் வாங்கும்போதும் அதே பழக்கம்தான் வரும்.

"உனக்கு எவ்வளவு விலையில வேணும்?" என்று கேட்காதே. "எதுவானாலும் சரி" என்றுதான் சொல்வாள், வேறென்ன சொல்ல முடியும்? உன் கையிருப்பு, கடன் பாக்கி, அடுத்த ரெண்டு வருடத்தில் வரப்போகிற செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவள் முன்னால் வை. மோதிரத்துக்கு நான் இவ்வளவு நினைத்திருக்கிறேன், உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேள். பிறகு வாயை மூடிக்கொண்டு இரு. அதுதான் உனக்குக் கஷ்டம்.

இதில் பாதி போதும் என்று சொன்னால் உடனே தலையாட்டிவிடாதே. உனக்குச் சிரமம் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கிறாளா, நிஜமாகவே நகையில் ஆசை இல்லாதவளா என்று பார். அவள் தினமும் என்ன போட்டுக்கொள்கிறாள் என்பதிலேயே பாதி பதில் இருக்கும். சின்ன வயதிலிருந்து பெரிய கல் ஆசை என்றால் பேராசைக்காரி என்று முத்திரை குத்தாதே. போன வருடம் நீ அந்த கேமராவுக்குக் கொடுத்த விலை எனக்குத் தெரியும். ஆசை இருந்தால் இப்போது ஒரு சின்னக் கல், ரெண்டு மூன்று வருடம் கழித்துப் பெரியது என்று அவளோடு சேர்ந்தே திட்டம் போடு. அவளும் சம்பாதிக்கிறவள், நானும் ஒரு பங்கு போடுகிறேன் என்றால் கௌரவம் பார்க்காமல் வாங்கிக்கொள்.

உன் அப்பா எனக்குப் போட்டது கல்லே இல்லாத வெறும் வளையம். அதன் விலை அன்றைக்கே எனக்குத் தெரியும். அவர் பாஸ்புக்கைக் கொண்டுவந்து காட்டினார், கல் வேண்டாம் என்று சொன்னது நான்தான். அதற்குப் பிறகு எங்களுக்குள் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது, பாதிக்கு நீயே சாட்சி. எனக்குத் தெரியாமல் பணத்தை என்ன செய்தீர்கள் என்று ஒரு சண்டை வந்ததில்லை.

வாங்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ள ரெண்டு விஷயம். விரல் அளவைக் காலையில் குளிரில் எடுக்காதே, சாயங்காலம் எடு. குளிரில் விரல் சுருங்கியிருக்கும், அந்த அளவுக்குச் செய்தால் பிறகு இறுக்கும். அளவு மாற்றித் தருவார்களா, கல்லைப் பிடித்திருக்கிற கொக்கிகள் தளர்ந்தால் சரி செய்து தருவார்களா என்பதையும் பில்லில் எழுதி வாங்கு. வரி, செய்கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் உன் தொகை. அதையெல்லாம் தனியாக நினைத்துவிட்டுக் கடைசியில் பர்ஸைத் தடவாதே.

முடிவான தொகையை எனக்குச் சொல்ல வேண்டாம். அப்பா துருவித் துருவிக் கேட்பார், அவருக்கும் சொல்லாதே. அவள் சரி என்றதும், எந்த நேரமானாலும், எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா