லண்டன் முத்திரை எதற்கு? பழம்பொருள் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுற்றுலா ஊர்களில் பழம்பொருள் கடை நடத்தும் ஐயன்மீர், வணக்கம்.

உங்கள் கண்ணாடி அலமாரியின் முன்வரிசையில் மின்னுகிறதே, அந்தப் பித்தளை செக்ஸ்டன்ட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். சூரியனோ நட்சத்திரமோ அடிவானத்துக்கு மேல் எத்தனை கோணத்தில் நிற்கிறது என்று அளந்து, கப்பல் இருக்குமிடத்தைக் கணிக்க உதவும் கருவி அது. ‘கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917’ என்று அதில் பொறித்திருக்கிறது. அந்தப் பெயரில் ஒரு நிறுவனம் உண்டானதே 1947-இல்தான். பிள்ளை பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

பக்கத்தில் மூடி போட்ட திசைகாட்டி ஒன்று: ‘ஸ்டான்லி, லண்டன், 1885’. மூடியைத் திறந்தால் உள்ளே அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட்டின் ஆங்கிலக் கவிதை. ஃப்ராஸ்ட் பிறந்தது 1874-இல். பதினொரு வயதுப் பையனின் கவிதையை மாலுமிகள் சட்டைப்பையில் சுமந்து திரிந்தார்கள் என்று நம்ப வேண்டுமாம்!

இந்தப் பொருள்களில் பெரும்பகுதி உத்தராகண்டின் ரூர்க்கியில் வார்த்துக் கடைந்து வருபவை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1847-இல் பொறியியல் கல்லூரி வந்த ஊர் அது. நில அளவைக் கருவிகள் செய்வது அங்கே பரம்பரைத் தொழில். அந்தக் கைத்திறனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. புதுப் பித்தளையை அமிலத்தில் கறுக்கவைத்து, செய்தவனின் ஊரை மறைத்து, லண்டன் பெயரைக் குத்தி, பத்து மடங்கு விலை சொல்வதைத்தான் கேட்கிறேன்.

உண்மையான செக்ஸ்டன்ட்டைக் கையில் எடுத்தவர்களுக்கு வேறுபாடு உடனே தெரியும். கண் கூசக் கூடாது என்பதற்காகவே கப்பலில் புழங்கியவற்றில் பலவற்றின் சட்டம் கறுப்பாகத்தான் இருக்கும். கருவியின் அடியில் வளைந்திருக்கும் வில்லில் பதித்த மெல்லிய வெள்ளிப் பட்டையில் அளவுக்கோடுகள் மயிரிழை போல் ஓடும். படிப்பதற்கென்றே சிறு உருப்பெருக்கி பொருத்தியிருப்பார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு நிமிடக் கோணம், அதில் அறுபதில் ஒரு பங்கு விநாடிக் கோணம். வெர்னியர் என்னும் நுண்ணளவுத் துணைக்கோல் நல்லதாக இருந்தால் பத்து விநாடிக் கோணம் வரை காட்டும். அளவையில் ஒரு நிமிடக் கோணம் பிசகினால் கடலில் ஒரு கடல்மைல், அதாவது 1.85 கிலோமீட்டர் பிசகும். பெட்டியின் மூடியில், கருவிகளைச் சோதித்துத் தந்த இங்கிலாந்தின் கியூ ஆய்வகத்தின் சோதனைச் சான்றிதழ் ஒட்டியிருந்தால் இன்னும் விசேஷம். கருவியின் பிழை எவ்வளவு என்று அதிலேயே எழுதியிருக்கும். தன் பிழையைத் தானே எழுதி வைத்துக்கொண்ட பொருளுக்குப் பக்கத்தில் உங்கள் அலமாரிச் சரக்கை வைத்துப் பாருங்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத இத்தகைய பொருள் தொல்பொருள். அதை விற்க உரிமம் வேண்டும். தனியார் எவரும் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. நீங்களோ வெளிநாட்டுப் பயணியிடம் “1885-இல் செய்தது” என்கிறீர்கள், அதே மூச்சில் “விமான நிலையத்தில் ஒரு தொல்லையும் இருக்காது” என்றும் சொல்கிறீர்கள். முதல் வாக்கியம் உண்மையென்றால் இரண்டாவது குற்றம். இரண்டாவது உண்மையென்றால் முதலாவது மோசடி. எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?

பழசுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளருக்கும் வழி இருக்கிறது. குஜராத்தின் அலங்கில் உடைக்கப்படும் கப்பல்களிலிருந்து கடிகாரம், விளக்கு, சுக்கான் சக்கரம் என்று எவ்வளவோ கரைக்கு வருகின்றன. நூறு வயது இராது. ஆனால் கடலைப் பார்த்தவை.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். சோழமண்டலக் கரை மாலுமிகளிடம் இராப்பலகை என்றொரு கருவி இருந்தது. சிறு மரப்பலகை, நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை விறைப்பாகப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகத்துக்கு உரியது. எந்த முடிச்சில் தொடுகிறதோ, அதற்குரிய துறைமுகத்தின் நேருக்கு வந்தாயிற்று என்று பொருள். கான்கிரீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1850-இல் சென்னையில் வெளிவந்த ஆய்விதழில் இத்தகைய கருவிகளை விவரித்து எழுதியிருக்கிறார். உங்களில் எவர் கடையிலும் இதன் போலியைக்கூட நான் பார்த்ததில்லை. பித்தளை இல்லையே, எப்படி மின்னும்? நகல்தான் செய்வதென்றால் இதைச் செய்து, பயன்படுத்தும் முறையை ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுங்கள். நல்ல விலைக்கே போகும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. லண்டன் பெயரும் பொய் ஆண்டும் குத்திய சரக்கைக் கொள்முதல் செய்யாதீர்கள். செய்த ஊரையும், பழையதா நகலா என்பதையும் பில்லில் எழுதுங்கள். தொல்பொருள் உரிமம் இருந்தால் கல்லாவுக்கு மேலே மாட்டுங்கள். ‘ரூர்க்கி, புதியது’ என்று எழுதித் தரும் கடை எதுவென்று சொல்லுங்கள். என் மேசைக்கு ஒரு செக்ஸ்டன்ட் அங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கடற்கருவிகள் சேகரிக்கும் ஒருவன்