ஒரு கன மில்லிமீட்டரில் எத்தனை கன மைக்ரோமீட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

செல்களின் அளவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் "ஒரு கன மில்லிமீட்டர் என்பது 1000 கன மைக்ரோமீட்டர்" என்று இருக்கிறது. நூறு கோடி என்று இருக்க வேண்டும். அச்சுப்பிழை என்று விடவும் வழியில்லை; அடுத்த பத்தியின் கணக்கும் அதே ஆயிரத்தை வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டைச் செல்லின் கனஅளவு 4.2 மைக்ரோலிட்டராம். அது 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள நீர்த்துளி! அதைப் பார்க்க நுண்ணோக்கி எதற்கு? சரியான விடை சுமார் 4,190 கன மைக்ரோமீட்டர், அதாவது 4.2 பிகோலிட்டர்.

நீளத்தில் 1 மில்லிமீட்டருக்கு 1000 மைக்ரோமீட்டர். கனஅளவுக்கு வரும்போது அந்த ஆயிரம் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் நுழையும். லிட்டர் வரிசையில் இந்தத் தொல்லை இல்லை. மில்லி, மைக்ரோ, நானோ, பிகோ, ஃபெம்டோ என்று படிக்கு ஆயிரம்தான் இறங்கும். இரண்டையும் கலந்து எழுதும் இடத்தில்தான் கணக்கு தடுக்கி விழுகிறது.

மூன்று சமன்கள் நினைவில் இருந்தால் போதும். 1 மில்லிலிட்டர் = 1 கன சென்டிமீட்டர்; சிரிஞ்சில் 'சி.சி.' என்று சொல்வது இதைத்தான். 1 மைக்ரோலிட்டர் = 1 கன மில்லிமீட்டர். 1 ஃபெம்டோலிட்டர் = 1 கன மைக்ரோமீட்டர். பெயர் ஒற்றுமையை நம்பி மைக்ரோலிட்டருக்குக் கன மைக்ரோமீட்டரை ஜோடி சேர்க்கக் கூடாது. இடையில் நிற்கும் நானோலிட்டர் 100 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள கனசதுரம். பிகோலிட்டருக்குப் பக்கம் 10 மைக்ரோமீட்டர்.

சரிபார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கையே போதும். சிவப்பணு ஒன்றின் சராசரிக் கனஅளவு (எம்.சி.வி.) 90 ஃபெம்டோலிட்டர், எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 45 கோடி ஃபெம்டோலிட்டர். ஒரு மைக்ரோலிட்டரில் மொத்தம் 100 கோடி. ஆக ரத்தத்தில் 45 சதவீத இடம் சிவப்பணுக்களுடையது. அதே அறிக்கையில் ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் கனஅளவு சதவீதம்) வரியிலும் 45தான் இருக்கும். கட்டுரை சொல்லும் ஆயிரத்தை ஏற்றால் ஒரு மைக்ரோலிட்டரில் 11 சிவப்பணுக்களுக்கு மேல் கொள்ளாது.

விட்டத்தையே ஆரமாகப் போட்டுவிடுவது இன்னொரு வழக்கமான பிழை. விடை எட்டு மடங்கு வீங்கிவிடும். பெருக்கத்தில் தவறு தேடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

நுண்ணோக்கியில் வைத்து ரத்த அணுக்களை எண்ண உதவும், கட்டம் போட்ட கண்ணாடித் தகடான நியூபாவர் அறையிலும் இதே கணக்குதான். 1 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரம், ஆழம் 0.1 மில்லிமீட்டர், கனஅளவு 0.1 மைக்ரோலிட்டர். அதனால்தான் அந்தச் சதுரத்தில் எண்ணியதை 10,000ஆல் பெருக்கினால் மில்லிலிட்டருக்கான எண்ணிக்கை வருகிறது (மாதிரியை நீர்த்திருந்தால் அந்த மடங்கையும் சேர்க்க வேண்டும்). மூடுகண்ணாடி சரியாகப் படியாமல் நூறில் ஒரு மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் ஆழம் பத்து சதவீதம் கூடும். எண்ணிக்கையும் அந்த அளவுக்கு மிகையாகும்.

லிட்டரே ஒரு காலத்தில் கன டெசிமீட்டரோடு (10 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம்) பொருந்தாமல்தான் இருந்தது. 1901இல் ஒரு கிலோ தண்ணீரின் கனஅளவு என்று அதை வரையறுத்ததால் 1.000028 கன டெசிமீட்டர் ஆயிற்று. 1964இல்தான் துல்லியமாக 1 ஆக்கினார்கள். செல்களை அளக்க இந்த வித்தியாசம் பொருட்டல்ல.

திருத்தம் வெளியிடும்போது 'மை.லி.' என்று சுருக்க வேண்டாம். 'மி.லி.'யோடு குழம்பினால் ஆயிரம் மடங்கு பிசகும். மைக்ரோலிட்டர் என்று முழுதாகவே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்