ஹெட் கேஸ்கெட் வேலைக்கு ஏன் 4 நாள் கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"கேஸ்கெட் மாற்ற ஒன்றரை நாள் போதுமே?" என்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் நம் பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எஞ்சினின் அடிப்பாகமான பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவில்லாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். நாங்கள் செய்த ஒரு தவறைச் சொன்னால் புரியும்.

தினமும் புதுச்சேரி போய்வரும் டீசல் கார் ஒன்று. ஹெட்டை இறக்கி, அதன் அடிமுகத்தை மட்டமாகச் சீவி, புது கேஸ்கெட் போட்டு அனுப்பினோம். ஏழே மாதத்தில் திரும்பி வந்தது. ரேடியேட்டரில் குமிழி, புகைக்குழாயில் வெள்ளைப் புகை. முன்பு கழற்றிய கேஸ்கெட் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும்தான் உறைத்தது. இரண்டும் 2, 3 ஆம் சிலிண்டர்களுக்கு நடுவே, அதே இடத்தில் கருகியிருந்தன.

ஹெட்டின் மட்டத்தைப் பார்த்த நாங்கள் பிளாக்கின் மட்டத்தைப் பார்க்கவில்லை. ஸ்ட்ரெயிட் எட்ஜை (மட்டம் பார்க்கும் நேர்ச்சட்டம்) பிளாக்கின் மேல் வைத்தால் அந்த இடத்தில் 0.10 மி.மீ. ஃபீலர் தாள் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைந்தது. பல எஞ்சின்களுக்கு 0.05 மி.மீ. தான் எல்லை. இதற்கு மேல் எத்தனை கேஸ்கெட் போட்டாலும் காசுதான் வீண்.

சரி, பிளாக் ஏன் மட்டம் தவறி வளைந்தது? ரேடியேட்டரைக் கழற்றித் திறந்தால் உள்ளே டீக்கடை பாய்லர் போல வெள்ளைப் படிவு, பாதிக் குழாய்களில் அடைப்பு. கடலோர போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி வந்த வினை. வண்டி கொதித்ததும், அந்தச் சூட்டில் பிளாக் வளைந்ததும் அதனால்தான்.

அப்புறம் எஞ்சினை இறக்கி பிளாக்கை மட்டம் செய்தோம். பிளாக்கைச் சீவினால் பிஸ்டன் முன்பைவிட மேலே எட்டிப் பார்க்கும். அதை டயல் கேஜில் அளந்து, அதற்கேற்ற தடிமனில் கேஸ்கெட் வாங்க வேண்டும். தடிமனைக் கண்டுபிடிக்க பல டீசல் கேஸ்கெட்டுகளின் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். ஹெட் போல்ட்டுகளும் புதுசு. ஒரு தடவை இழுபட்ட போல்ட் மறுபடி அதே பிடி பிடிக்காது. இரண்டாம் முறைக்குக் கூலி வாங்கவில்லை, வாங்க மனசும் வரவில்லை.

அந்த 4 நாளில் பாதி அளப்பதற்கும், ஹெட்டில் கீறல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்வதற்கும்தான் போகிறது. வேறு எங்காவது கேஸ்கெட் மாற்றியிருந்தால், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கி வண்டியோடு கொண்டு வாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தாலும் பரவாயில்லை, துடைக்காமலே கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைக்காரர்கள்